நெடுந்தூர ஓட்டமும் நமது இரத்தக் குழாய்களும்

புதுக்கோட்டை நகரிலிருந்து வெளியே செல்லும் சாலைகளில் விடியற்காலையில் பயணம் செய்கிறவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கிழக்கு வெளுக்கும் முன்பே, சாலையோரமாக, இளைஞர்கள் இருவர் மூவராக ஓடிக்கொண்டிருப்பார்கள். காவலர் பணிக்கு விண்ணப்பிக்கும் ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். இராணுவத்தில் சேர விரும்புகிறவர்களுக்கும் ஓட்டத் தேர்வு உண்டு. வானம் பார்த்த நிலத்தையும் கூலி வேலையையும் நம்பி வாழும் வீடுகளில், மகன் ஓடும் அந்த ஓட்டத்தில்தான் குடும்பத்தின் நாளைய சோறு அடங்கியிருக்கிறது.

இம்மாவட்டம் ஓட்டத்திற்குப் பெயர் பெற்ற மாவட்டமும் ஆகும். 2017ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 5000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டு ஓட்டங்களிலும் தங்கப் பதக்கம் வென்ற கோ. லட்சுமணன் புதுக்கோட்டையின் மைந்தர். 2016ஆம் ஆண்டு கவுகாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் நெடுந்தூர ஓட்டத்தில் தங்கம் பெற்ற சூரியா இம்மண்ணின் மகள். கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006ஆம் ஆண்டு தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றதும், பின்னர் அப்பதக்கம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டதும் நமது நெஞ்சில் ஆறாமல் இருக்கின்றன.

அண்மைக் காலத்தில் இளைஞர்களோடு மற்றொரு கூட்டத்தாரும் சாலைக்கு வந்திருக்கின்றனர். நாற்பதைக் கடந்த வியாபாரிகள், ஆசிரியர்கள், அலுவலர்கள் ஆகியோரே அவர்கள். முதலில் 5 கிலோமீட்டர், பிறகு 10, பிறகு 21, அதன்பின் முழு மராத்தான் எனப்படும் 42.195 கிலோமீட்டர் என்று அவர்களின் தூரம் ஏறிக்கொண்டே போகிறது. அதற்கும் அப்பால் 50, 75, 100 கிலோமீட்டர் ஓட்டங்களும், ஒரே மைதானத்தை 12 மணி நேரம் அல்லது 24 மணி நேரம் சுற்றி வரும் ஓட்டங்களும் நமது நாட்டுப் பெருநகரங்களில் நடத்தப்படுகின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து வெளியே வந்தபோது, நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண்மணி ஒருவர் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். அவருடைய கணவருக்கு வயது 48. இருபது ஆண்டுகள் கடையில் உட்கார்ந்தே வியாபாரம் செய்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஓடத் தொடங்கி, இப்போது வெளியூர் சென்று 12 மணி நேர ஓட்டத்தில் கலந்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்.

“ஐயா, ஓட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர் சிகரெட்டை விட்டதே இந்த ஓட்டத்தால்தான். ஆனால் என் மாமனார் 51 வயதில் மாரடைப்பில் போனவர். ‘ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு ஓடுங்கள்’ என்றால், ‘நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு நெஞ்சு நோய் வருமா? ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு அல்லவா!’ என்று சிரிக்கிறார். அவர் சொல்வது உண்மைதானா, ஐயா?” என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அந்த இடத்திலேயே நம்மால் விடை கூற இயலவில்லை. டாக்டர்களைக் கேட்டும், இத்துறையில் வெளிவந்த ஆராய்ச்சிகளை வாசித்தும் நாம் அறிந்துகொண்டதை இங்கே நமது வாசகக் குடும்பங்கள் அனைத்திற்கும் முன்வைக்கிறோம்.

உயிருள்ள குழாய்கள்

இரத்தக் குழாய் என்று சொல்லும்போது வீட்டுச் சுவரில் பதிக்கப்பட்ட தண்ணீர்க் குழாயையே நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த ஒப்புமை முற்றிலும் தவறானது. தண்ணீர்க் குழாய் உயிரற்றது. தன் அளவை மாற்றிக்கொள்ளத் தெரியாதது. நமது தமனிகளோ தசையும் மீள்தன்மையுள்ள இழைகளும் கொண்ட உயிருள்ள உறுப்புகள். இருதயம் ஒவ்வொரு முறை சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போதும் பெருந்தமனி சற்று விரிந்து அந்த வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. இருதயம் இளைப்பாறும் நொடியில் மீண்டும் சுருங்கி இரத்தத்தை முன்னே செலுத்துகிறது. வயது ஏற ஏற இந்த நெகிழ்ச்சி குறைந்து பெருந்தமனி விறைக்கிறது. விறைத்த தமனியில் இரத்த அழுத்தம் உயர்கிறது. இருதயத்தின் சுமையும் கூடுகிறது.

தமனியின் உட்புறத்தில் ஒற்றை வரிசை உயிரணுக்களால் ஆன மிக மெல்லிய உட்சுவர் ஒன்று உண்டு. இரத்தம் வேகமாகப் பாயும்போது அந்த உராய்வை இச்சுவர் உணர்ந்து நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவைச் சுரக்கிறது. அவ்வாயு தமனியின் தசையைத் தளர்த்தி வழியை அகலமாக்குகிறது. இந்த வியத்தகு உண்மையைக் கண்டறிவதற்கு வழிவகுத்த இராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நாம் சும்மா அமர்ந்திருக்கும்போது இருதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியே அனுப்புகிறது. வேகமாக ஓடும்போது அது 20 லிட்டராக உயர்கிறது. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரரிடம் 30 லிட்டரையும் தாண்டும். இத்தனை பெரிய வெள்ளம் பாயும்போது உட்சுவர் தூண்டப்பட்டு நைட்ரிக் ஆக்ஸைடைத் தாராளமாகச் சுரக்கிறது. நாள்தோறும் இவ்வாறு தூண்டப்படும் தமனிகள் நாளடைவில் அகன்றும் நெகிழ்ந்தும் விடுகின்றன. கால் தசைகளில் புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன. மழைக்காலத்தில் தண்ணீர் ஓடாத வரத்து வாய்க்கால் தூர்ந்துபோவதையும், ஓடுகிற வாய்க்கால் தன் வழியைத் தானே காத்துக்கொள்வதையும் கண்மாய்ப் பாசனத்தை அறிந்த நமது மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஓட்டம் தரும் நன்மை

இது வெறும் ஊகம் அன்று. இலண்டன் நகர மராத்தானில் முதன்முறையாக ஓட விரும்பிய 138 பேரை அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, முடிவுகளை 2020ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர். நம்மைப் போன்ற சாதாரண மக்களே. ஏறத்தாழ ஆறு மாதங்கள், வாரத்திற்குச் சுமார் 10 முதல் 20 கிலோமீட்டர் வரை ஓடிப் பயிற்சி செய்து போட்டியை நிறைவு செய்தனர். அதன்பின் சோதித்தபோது அவர்களது பெருந்தமனியின் விறைப்பு குறைந்திருந்தது. தமனியின் வயதில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் குறைந்ததற்கு இது சமம் என்று கணக்கிடப்பட்டது. இரத்த அழுத்தமும் மேல் அளவில் 4 புள்ளியும் கீழ் அளவில் 3 புள்ளியும் தாழ்ந்திருந்தது. அதிக நன்மை அடைந்தவர்கள் யார் தெரியுமா? வயதில் மூத்தவர்களும், மெதுவாக ஓடியவர்களுமே!

இன்னும் பழைய சான்று ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் கிளாரன்ஸ் டிமார் என்னும் அச்சுத் தொழிலாளி இருந்தார். 1911 முதல் 1930 வரையிலான காலத்தில் புகழ்பெற்ற பாஸ்டன் மராத்தானை ஏழு முறை வென்றவர் அவர். இளமையில் டாக்டர்கள் அவரது இருதய ஒலியில் குறை கண்டு, ஓட வேண்டாம் என்று எச்சரித்ததுண்டு. அவரோ முதுமை வரையில் ஓடினார். 1958ஆம் ஆண்டு தமது 70ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். அவரது உடலைச் சோதித்த டாக்டர்கள், அவருடைய இருதயத் தமனிகள் சாதாரண மனிதரின் தமனிகளைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு அகலம் உடையனவாக இருப்பதைக் கண்டனர். 1961ஆம் ஆண்டு இச்செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தபோது உலகமே வியந்தது. ஆனால், அந்த அகன்ற தமனிகளிலும் ஓரளவு கொழுப்புப் படிவு இருந்தது என்ற குறிப்பைப் பலரும் கவனிக்கத் தவறினர்.

ஒரு நம்பிக்கையும் அதன் வீழ்ச்சியும்

இச்செய்தி நாளடைவில் ஒரு நம்பிக்கையாக வளர்ந்தது. 1970களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் பாஸ்லர், புகைபிடிக்காமல் மராத்தானை ஓடி முடிக்கக்கூடிய ஒருவருக்குத் தமனி அடைப்பினால் மரணம் நேராது என்று அறிவித்தார். ஓட்டம் ஒரு தடுப்பூசி போன்றது என்ற எண்ணம் பரவியது. 1979ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க டாக்டர் டிம் நோக்ஸும் அவருடைய சகாக்களும் இந்நம்பிக்கையை உடைத்தனர். மராத்தான் ஓடியவர்களின் இருதயத் தமனிகளிலும் அடைப்பு இருந்ததைப் பிரேதப் பரிசோதனைச் சான்றுகளோடு அவர்கள் எடுத்துக்காட்டினர்.

எனினும் மக்கள் மனத்தை உலுக்கியது 1984ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு மரணமே. ஜிம் ஃபிக்ஸ் என்பவர் ஓட்டத்தைப் பற்றி 1977ஆம் ஆண்டு எழுதிய நூல் அமெரிக்காவில் இலட்சக்கணக்கில் விற்பனையாகி, ஏராளமானோரைச் சாலைக்கு அழைத்து வந்தது. அவர் தமது 35ஆம் வயதில் ஓடத் தொடங்கியவர். அதற்கு முன்பு பருத்த உடல் கொண்டவராகவும், நாளொன்றுக்கு இரண்டு பெட்டி சிகரெட் புகைப்பவராகவும் இருந்தார். அவருடைய தந்தை 35 வயதில் முதல் மாரடைப்புக்கு உள்ளாகி, 43 வயதில் இறந்தவர். ஃபிக்ஸ் புகையை விட்டார். உடல் எடையைக் குறைத்தார். பல மராத்தான்களை ஓடினார். உடற்பயிற்சி மருத்துவத்தில் புகழ்பெற்ற டாக்டர் கென்னத் கூப்பர், தமது நிலையத்தில் இருதயச் சோதனை செய்துகொள்ளுமாறு அழைத்தபோது அவர் இணங்கவில்லை. சில மாதங்களுக்குப் பின், 1984ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி, வெர்மாண்ட் மாநிலத்துச் சாலை ஒன்றில் ஓடச் சென்றவர் அங்கேயே விழுந்து இறந்தார். வயது 52. அவருடைய இருதயத் தமனிகள் கடுமையாக அடைபட்டிருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது.

ஓட்டமா அவரைக் கொன்றது? அன்று. பரம்பரையாலும் பழைய புகைப்பழக்கத்தாலும் உண்டான அடைப்பு அவருக்குள் மறைந்திருந்தது. ஓட்டம் அவருக்கு அவருடைய தந்தையைவிட ஒன்பது ஆண்டுகள் கூடுதலாக வாழ வழி செய்திருக்கலாம் என்றுகூடப் பலர் கருதுகின்றனர். “ஓடுகிறேன், ஆகவே எனக்கு நோய் இல்லை” என்ற எண்ணமே அவருக்குப் பகையாயிற்று. நமது பெண்மணியின் கணவர் கூறிய சொல்லும் இதுவே அல்லவா?

எல்லை கடந்த ஓட்டத்தில் நிகழ்வது என்ன?

சி.டி. ஸ்கேன் கருவி வந்தபின், உயிரோடிருக்கும் மனிதரின் இருதயத் தமனிகளில் படிந்துள்ள சுண்ணாம்புச் சத்தை அளக்க முடிகிறது. தமனியின் சுவரில் கொழுப்பு படிந்து, புண்ணாகி, ஆறும் இடங்களில் சுண்ணாம்பு சேர்கிறது. ஆகவே சுண்ணாம்பின் அளவு, அங்கே நிகழ்ந்த நோயின் சுவடு எனலாம்.

ஜெர்மனியில் 50 வயதைக் கடந்த 108 மராத்தான் ஓட்டக்காரர்களைச் சோதித்து 2008ஆம் ஆண்டு முடிவு வெளியிடப்பட்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலானவர்களிடம் சுண்ணாம்புப் படிவு கவலைக்குரிய அளவில் இருந்தது. அவர்களைப் போன்றே வயதும், இரத்த அழுத்தமும், கொழுப்பு அளவும் கொண்ட, ஆனால் ஓடாத மக்களிடையே இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கே இருந்தது. அந்த ஓட்டக்காரர்களில் பலர் முன்னாளில் புகைத்தவர்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

2017ஆம் ஆண்டு நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வுகளும் இதை ஒட்டியே அமைந்தன. பல்லாண்டுகள் மிகக் கடுமையாகப் பயிற்சி செய்த ஆண்களின் இருதயத் தமனிகளில் படிவுகள் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் அப்படிவுகளில் பெரும்பாலானவை முழுவதும் சுண்ணாம்பாக இறுகியவை. மென்மையான கொழுப்புப் படிவு திடீரென வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைவதால்தான் பெரும்பாலான மாரடைப்புகள் உண்டாகின்றன. இறுகிய படிவு வெடிப்பது அரிது. இதைக் கண்டு பலர் ஆறுதல் அடைந்தனர். 2023ஆம் ஆண்டு பெல்ஜியத்திலிருந்து வெளிவந்த ஆய்வு, வாழ்நாள் முழுவதும் நெடுந்தூரப் பயிற்சி செய்த ஆண்களிடம் மென்மையான படிவுகளும் குறைவாக இல்லை என்று காட்டி, அந்த ஆறுதலுக்கு ஒரு வரம்பு கட்டியது. பெண் ஓட்டக்காரர்களிடம் இத்தகைய கூடுதல் படிவு தெளிவாகக் காணப்படவில்லை என்று பிரிட்டன் ஆய்வு தெரிவிக்கிறது.

பெருந்தமனியின் கதையும் இவ்வாறே. ஆறு மாதப் பயிற்சி அதை நெகிழச் செய்ததை மேலே கண்டோம். ஆனால் பல்லாண்டுகளாகக் கடும் பயிற்சி செய்துவந்த மராத்தான் ஓட்டக்காரர்களை ஏதென்ஸ் நகர டாக்டர்கள் சோதித்து 2010ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. அவர்களது பெருந்தமனி, ஓடாதவர்களின் தமனியைவிட அதிகமாக விறைத்திருந்தது. இரத்த அழுத்தமும் கூடியிருந்தது.

இதற்குக் காரணம் என்ன? நான்கு மணி, பத்து மணி, இருபது மணி நேரம் இடைவிடாமல் ஓடும்போது தமனிகள் உயர்ந்த அழுத்தத்திலும் வேகமான துடிப்பிலும் ஓய்வின்றி விரிந்து சுருங்குகின்றன. உடலில் அழற்சியைக் குறிக்கும் பொருள்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. இருதயத் தசை சிரமப்படும்போது வெளியாகும் டிரோபோனின் என்னும் புரதமும் பலரிடம் சில நாட்களுக்கு உயர்ந்து பின் தணிகிறது. ஒரு முறை ஓடி, போதிய நாட்கள் இளைப்பாறினால் உடல் இவற்றைச் சீர் செய்துகொள்ளும். ஆறுவதற்குள் மறுபடியும், அதற்குள் மறுபடியும் என்று ஆண்டுக்கணக்கில் தொடரும்போதுதான் சுவடு தங்கிவிடுகிறது என்பது அறிஞர்களின் கருத்து. நல்ல நிலத்தையும் உழுதுகொண்டே இருந்தால் விளையாது, ஆறப்போடவும் வேண்டும்.

அச்சம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

இவற்றை வாசித்துவிட்டு, “நல்லவேளை, நாம் ஓடவில்லை!” என்று நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் வாசகர் எவரேனும் இருந்தால், அவர் நமது கருத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்றே சொல்வோம். அமெரிக்காவில் டல்லஸ் நகரின் கூப்பர் நிலையம் 21,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 2019ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. மிக அதிகமாக உடற்பயிற்சி செய்தவர்களிடம் சுண்ணாம்புப் படிவு சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஆயினும் அதே அளவு படிவுடன், குறைவாகப் பயிற்சி செய்தவர்களைக் காட்டிலும் அவர்கள் அதிகமாக இறக்கவில்லை.

ஓட்டப் போட்டிகளில் நிகழும் மரணங்களைப் பற்றியும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மராத்தானும் அரை மராத்தானும் ஓடிய 1 கோடியே 9 இலட்சம் பேரில் இருதயம் நின்றுபோனவர்கள் 59 பேர். முழு மராத்தானில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய ஒருவர்; அரை மராத்தானில் அதில் சுமார் கால் பங்கு. 2025ஆம் ஆண்டு வெளியான அடுத்த கணக்கின்படி, விழுகிறவர்களின் விகிதம் குறையவில்லை. ஆனால் இறப்போரின் விகிதம் பாதியாகக் குறைந்துவிட்டது. அருகிலிருந்தவர்கள் தாமதிக்காமல் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ததும், மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி கையருகே இருந்ததுமே காரணம். விழுந்தவர்களிடம் காரணம் ஆராய்ந்தபோது, இருதயத் தமனி அடைப்பே முதலிடம் பெற்றது.

ஆகவே ஆபத்து மிக அரிது; ஆனால் அது வரும்போது, ஏற்கெனவே மறைந்திருக்கும் அடைப்பின் வழியாகவே பெரும்பாலும் வருகிறது. நமது நாட்டிலோ அந்த அடைப்பு மேல்நாட்டினரைவிட இளம் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு உண்டு என்று மதிப்பிட்டது. சர்க்கரையும், இரத்த அழுத்தமும், பழைய புகையும், பரம்பரையும் ஒருவரின் தமனியில் எழுதி வைத்ததை ஓட்டம் முழுவதுமாக அழித்துவிடாது.

நமது குடும்பங்கள் செய்ய வேண்டியது

முதலாவதாக, நாற்பதைக் கடந்து ஓடத் தொடங்குகிறவர், அல்லது தூரத்தைக் கூட்ட விரும்புகிறவர், டாக்டரைக் கண்டு இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். தந்தைக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தேவையென டாக்டர் கருதினால் டிரெட்மில் சோதனையோ ஸ்கேனோ செய்யச் சொல்வார். புதுக்கோட்டையில் 2017ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. திருச்சிக்கோ தஞ்சைக்கோ அலைய வேண்டுமே என்ற பழைய தயக்கம் இனி வேண்டியதில்லை.

இரண்டாவதாக, உடல் தரும் எச்சரிக்கையை மதிக்க வேண்டும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, வழக்கத்திற்கு மாறான மூச்சுத் திணறல், தலைசுற்றல், படபடப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே நிறுத்திவிட வேண்டும். “வாயுப் பிடிப்பு” என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு மறுநாளும் ஓடுவது பேதைமை. காய்ச்சலோடும், காய்ச்சல் விட்ட சில நாட்களிலும் ஓடலாகாது. நமது மாவட்டத்தின் சித்திரை, வைகாசி வெயில் எல்லோரும் அறிந்ததே. வெயிலில் ஓடினால் வியர்வையால் உடல்நீர் வற்றி இரத்தம் கெட்டிப்படுகிறது. இருதயத்தின் சுமை கூடுகிறது.

மூன்றாவதாக, பாத யாத்திரை செல்வோருக்கு ஒரு சொல். வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து செல்லும் வழக்கம் நமது பகுதியில் வேரூன்றியது. ஆண்டு முழுவதும் நடக்காதவர், திடீரென நான்கைந்து நாட்கள் இவ்வாறு நடப்பது அவரது தமனிகளுக்கு ஒரு நெடுந்தூரப் போட்டியே. இரு மாதங்களுக்கு முன்பே நடந்து பழக வேண்டும். சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் வலி கண்டு, நின்றால் வலி தணிகிறது என்றால், காலின் தமனி சுருங்கியிருக்கக்கூடும். புகைபிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதைக் களைப்பு என்று ஒதுக்கிவிடலாகாது.

நான்காவதாக, பெற்றோர்களுக்கு. ஒடிசாவைச் சேர்ந்த புதியா சிங் என்னும் நான்கு வயதுச் சிறுவன் 2006ஆம் ஆண்டு மே மாதம் பூரியிலிருந்து புவனேசுவரம் வரை 65 கிலோமீட்டர் தூரத்தை ஏழு மணி இரண்டு நிமிடத்தில் ஓடினான். நாடே கைதட்டியது. டாக்டர்கள் சோதித்தபோது அவன் ஊட்டக் குறைவும் இரத்த சோகையும் உள்ளவனாகவும், இருதயம் சிரமப்பட்டவனாகவும் காணப்பட்டான். அதன்பின் அவனை நெடுந்தூரம் ஓடவிடலாகாது என்று அம்மாநில அரசு தடை விதித்தது. பிள்ளைகள் ஓடட்டும், விளையாடட்டும். பெரியவர்களின் புகழ் ஆசைக்காக அவர்கள் தூரத்தை அளக்க வேண்டாம்.

ஐந்தாவதாக, நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முதலுதவியை வீட்டுக்கு ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும். மயங்கி விழுந்தவர் மூச்சின்றி இருந்தால், ஒருவர் 108ஐ அழைக்க, மற்றொருவர் மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைப் பிடித்து வைப்பது அந்தக் கைகளே.

எவ்வளவு ஓடலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு தந்த அறிவுரையின்படி, வளர்ந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வேகமாக நடக்கலாம். அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் ஓடலாம். தமனிகளுக்குக் கிடைக்கும் நன்மையின் பெரும்பகுதி இந்த அளவிலேயே கிடைத்துவிடுகிறது. தமிழ்நாடு அரசின் சுகாதாரத்துறை 2023ஆம் ஆண்டு நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தேர்ந்தெடுத்து மக்களை நடக்க அழைத்ததும் இந்த நோக்கத்தோடுதான். இதற்கு மேல் ஓடுகிறவர் மகிழ்ச்சிக்காக ஓடலாம், சாதனைக்காக ஓடலாம். தமனியின் நலத்திற்காக என்று மட்டும் சொல்லிக்கொள்ள முடியாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நமது முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஃபவுஜா சிங் தமது 89ஆம் வயதில், 2000ஆம் ஆண்டு, முதல் மராத்தானை ஓடினார். 2011ஆம் ஆண்டு கனடாவின் டொரான்டோ நகரில், தமக்கு 100 வயது என்று கூறிய நிலையில், எட்டு மணி நேரத்திற்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு முழு மராத்தானை முடித்தார். 2013ஆம் ஆண்டு போட்டிகளிலிருந்து விலகினார், நடப்பதை விடவில்லை. 2025ஆம் ஆண்டு ஜூலையில் தமது சொந்த ஊரில் சாலை விபத்தில் இறந்தார். மெல்ல ஓடவும், போதும் என்று நிறுத்தவும் தெரிந்த மனிதர் அவர்.

நம்மைக் கேள்வி கேட்ட பெண்மணியின் வீட்டிற்கு ஒரு மாலையில் சென்றோம். ஜிம் ஃபிக்ஸின் வரலாற்றை அவருடைய கணவரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்கள் அப்பாவும் அப்படித்தான், ஐயா. நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள்தான் கூட்டிக்கொண்டு போகவில்லை” என்றார். அடுத்த வாரம் கணவனும் மனைவியுமாகச் சோதனைக்குச் சென்றனர். இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது, கொழுப்பும் கூடியிருந்தது. இருதயத்தில் உடனடி ஆபத்து இல்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சில மாதங்களுக்கு நெடுந்தூரப் போட்டிகளை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

இப்போதும் அவர் விடியற்காலையில் ஓடுகிறார். வாரத்தில் நான்கு நாட்கள், நாளுக்கு ஐந்து கிலோமீட்டர். மற்ற நாட்களில் அவரோடு அவருடைய மனைவியும் நடக்கிறார். “முன்பெல்லாம் அவர் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது நானும் கூடப் போவதால் அந்தக் கவலை இல்லை, ஐயா” என்று அண்மையில் அந்த அம்மையார் நம்மிடம் கூறினார்.